வாரத்துக்கு மூணு நாள்

முறத்தில் கொள்ளுப் பயறை அள்ளிப் போட்டு ஓர் உதறு உதறினால் தூசி பறந்துவிடுகிறது, சண்டு முன்னால் போய்விடுகிறது, கல் மட்டும் போவதில்லை. கல்லுக்கும் கொள்ளுக்கும் ஒரே நிறம், ஒரே பருமன், கூடப் பிறந்தது மாதிரி ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. கண்ணை நம்பினால் ஏமாந்துபோவோம், விரலைத்தான் நம்ப வேண்டும், விரலுக்கடியில் கொள்ளு வழுக்கி ஓடும், கல் ஓடாமல் நிற்கும், நிற்பதைப் பொறுக்கிப் போட்டால் சரி. ஒரு கல் மாட்டினாலும் குதிரைக்குப் பல் தெறித்துவிடும், அப்புறம் தீனி எடுக்காது என்று இங்கே வந்த அன்றைக்கே இவர் சொன்னார். இவர் என்றால் என் மகள் சஷ்மிதாவின் அப்பா. குதிரை ஓட்டக் கற்றுத் தருகிற இந்த இடத்தில் லாயத்தைப் பார்த்துக்கொள்கிற வேலை அவருக்கு, கொள்ளுப் பொறுக்குகிற வேலை எனக்கு. இப்போது அவர் இல்லை. பெங்களூரில் போட்டி என்று நாலு குதிரைகளை லாரியில் ஏற்றிக்கொண்டு கூடவே போய் இன்றோடு ஒன்பது நாள். மீதி மூன்று குதிரையும் நானும் பாப்பாவும் இந்த மலையடிவாரத்தில் இருக்கிறோம். பக்கத்து வீடு என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு செங்கல் சூளை இருந்தது, அதையும் மூடிவிட்டார்கள். பாப்பா பள்ளிக்கூட வேனில் ஏறிப் போய்விட்டால் சாயங்காலம் வரைக்கும் என் வாய்க்கு வேலையே கிடையாது. மயில் கத்தும், தொட்டியில் தண்ணீர் விழும், குதிரை காலை உதைக்கும், அவ்வளவுதான். இன்றைக்குச் சனிக்கிழமை, பாப்பா வீட்டில் இருக்கிறாள், இருந்தும் அப்படித்தான் இருக்கிறது. நாலு மணிக்கு அனுராதா மேடம் வருவார்கள். தண்ணீர்த் தொட்டியின் நிழல் இப்போது உடைந்த செங்கல்லைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, அது குழாய்க் கம்பத்தின் காலுக்கு வந்தால் நாலு மணி. அதற்குள் இந்த முறம் முடிய வேண்டும். அதற்குள் நான் ஒரு வாக்கியம் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். பெரிய வாக்கியம் ஒன்றும் இல்லை. மேடம், கேசரிக்கு இடது கண்ணு தெரியலைங்க. ஐந்தே வார்த்தை. இது எனக்கு மட்டும்தான் தெரியும், இங்கே குதிரை ஓட்டக் கற்றுக்கொடுக்கிற மாஸ்டருக்குத் தெரியாது, மேடத்துக்குத் தெரியாது, இன்றைக்கு அந்தக் குதிரை மேல் ஏறப்போகிற என் மகளுக்கும் தெரியாது. கேசரி மேடத்துடைய குதிரை. ஐந்து வார்த்தையைக் காலையிலிருந்து வாய்க்குள் போட்டு உருட்டுகிறேன், மேடம் என்கிற முதல் வார்த்தையிலேயே கல் மாட்டின மாதிரி நின்றுபோகிறது.

மேடம் கெட்டவர்கள் இல்லை. அதுதான் கஷ்டம், கெட்டவர்களாக இருந்தால் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளலாம். பாப்பாவுக்குக் குதிரை வேண்டும் என்று யாரும் கேட்கக்கூட இல்லை, அவர்களாகத்தான் கொடுக்கிறேன் என்றார்கள். பாப்பா இத்தனை நாள் மோத்தி மேல்தான் ஓட்டிக்கொண்டிருந்தாள், மோத்தி மட்டக்குதிரை, வெள்ளை, தூங்கிக்கொண்டே நடக்கும். மாஸ்டர் காலையில் அரை மணி நேரம் சும்மாதான் கற்றுக்கொடுப்பார், அதற்கு அவள் சேணத்தையெல்லாம் துடைத்து வைப்பாள். பத்து வயது முடிந்ததும் கால் வளர்ந்துவிட்டது. மோத்தி மேல் உட்கார்ந்தால் கால் தரையைத் தொடுகிற மாதிரி தொங்குகிறது, போன மாதம் மாஸ்டர் பார்த்துவிட்டு, "இனி மோத்தியத்தான் நீ தூக்கிட்டு நடக்கணும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், பாப்பாவும் சிரித்தாள், வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அப்புறம் குதிரை தேடினார்கள். தேடினார்கள் என்றால் எங்கேயும் போகவில்லை, இந்த ஏழுக்குள்ளேயேதான். பெரிய குதிரைகள் நாலும் கட்டணம் கட்டிப் படிக்கிற பிள்ளைகளுக்கு. டிம்பிளுக்குப் பின்னங்கால் வீக்கம், நடந்தாலே நொண்டுகிறது. அப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்து கடைசியில் கேசரி. மேடத்தின் மகள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது அது கேசரி நிறம் என்று வைத்த பேர். அந்தப் பெண் படிக்க வெளிநாடு போய் ஒரு வருஷம் ஆகிறது, அதிலிருந்து அவன் முதுகில் யாரும் ஏறவில்லை. பக்கத்தில் போனால் துள்ளுகிறான், கழுத்தை ஓங்குகிறான், திமிர் பிடித்துவிட்டது என்று மாஸ்டர் சொல்கிறார். திமிர் இல்லை. இல்லை என்று எனக்குத் தெரியும். சரி, அது அப்புறம். அன்றைக்கு மேடம் இதே குழாயடிக்கு வந்து நின்று, "கலாமணி, கேசரிய உங்க பாப்பாவுக்கு வாரத்துக்கு மூணு நாள் குடுத்துடலாம்னு இருக்கேன்" என்றார்கள். எனக்கு அது எப்படிக் காதில் விழுந்தது என்று நினைத்தால் இப்போதும் காது மடல் சுடுகிறது. வாரத்துக்குக் குடுத்துடலாம் என்று விழுந்தது. மூணு நாளில் யோசித்துச் சொல்லு என்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். வாரத்துக்கு என்றால் எங்களுக்கு வேறு என்ன. எங்கள் மூலனூர்ப் பக்கம் ஆட்டை வாரத்துக்கு விடுவார்கள், ஆடு தோட்டத்துக்காரருடையது, மேய்க்கிறது நாம், போடுகிற குட்டியில் அவர்களுக்கு ஒன்று நமக்கு ஒன்று. நான் என்றைக்கும் மேடத்திடம் வாயைத் திறக்காதவள், இவ்வளவு பெரிய காரியத்துக்கு ஒரு வார்த்தையாவது பேசாவிட்டால் மரியாதை இல்லையே என்று நினைத்து, ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்து நின்று கேட்டேன். "முதல் குட்டி உங்களுக்குங்களா, எங்களுக்குங்களா?" மேடத்துக்கு முதலில் புரியவில்லை. மாஸ்டருக்குத்தான் புரிந்தது. அவர் மீசையைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் மோத்தி கூட விழித்துக்கொண்டது. "கலாமணி, அவன் ஆம்பளக் குதிரை, அதுலயும் சின்ன வயசுலயே காயடிச்சாச்சு, அவனுக்குக் குட்டி பொறந்தா நான் திரும்பவும் பட்டாளத்துக்கே போயிடறேன்" என்றார். மேடம் சிரிக்கக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டு பார்த்தார்கள், தோள் குலுங்கிவிட்டது. அப்புறம் என் கையைத் தொட்டு, வாரம்னா ஞாயித்துக்கிழமை திங்கக்கிழமை அந்த வாரம், வாரத்துல மூணு நாள் பாப்பா ஓட்டட்டும், தேய்ச்சுக் குளிப்பாட்டிப் பாத்துக்கட்டும், மீதி நாள் அவன் எப்பவும் போல இருக்கட்டும் என்று பொறுமையாக விளக்கினார்கள். தொட்ட கை இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. பாப்பா சேணத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் நின்றுகொண்டிருந்தாள், நான் பார்க்கவில்லை. ராத்திரிச் சோறு போடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே, கோபமாகக்கூட இல்லை, மெதுவாகச் சொன்னாள். "இனிமே எனக்காக நீ பேசாதம்மா." சரி சாமி என்றேன். நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவள், அவள் ஆறாவது. அவளுடைய பேரே எனக்கு ஒரு மாதம் வாயில் நுழையவில்லை, ஆஸ்பத்திரியில் நர்ஸ் வைத்த பேர். ஒரு கல். இன்னொரு கல். இது கல் இல்லை, கருத்த கொள்ளு.

ஐந்தாவதோடு நின்றதும் இந்த வாரத்தால்தான். எங்கள் அப்பா நாலு வெள்ளாட்டை வாரத்துக்குப் பிடித்து வந்தார், மேய்க்க ஆள் வேண்டும், நான் போனேன், முழுப் பரீட்சை லீவில் போனவள் திரும்பப் பள்ளிக்கூடம் போகவில்லை. அழுதேனா என்று ஞாபகமில்லை. ஆடு பிடித்திருந்தது. முதல் ஈற்றில் ஒரு மூட்டுக்குட்டி, பெட்டை, நெற்றியில் மட்டும் வெள்ளை, அதற்குச் சுட்டி என்று பேர் வைத்து, கழுத்தில் சிவப்பு ரிப்பன் கட்டி, ரா முழுக்கப் பாயில் கூடவே படுக்க வைத்துக்கொண்டேன். முதல் குட்டி தோட்டத்துக்காரருக்கு என்பது எனக்குத் தெரியும், எல்லோருக்கும் தெரியும், தெரிந்தும் பேர் வைத்தேன். வண்டியில் ஏற்றும்போது ரிப்பனையாவது அவிழ்த்துக் கொடுங்கள் என்று கேட்க நினைத்தேன், வாய் வரவில்லை, ரிப்பனோடேயே போய்விட்டது. அதனால்தான் இந்த மூணு நாள் என்கிற பேச்சைக் கேட்டதிலிருந்து எனக்கு அந்த ரிப்பன் ஞாபகமாகவே இருக்கிறது. மூன்று நாள் இவளுக்கு, நாலு நாள் அவர்களுக்கு. சரி, குதிரைக்கு அது எப்படித் தெரியும். திங்கட்கிழமை இவள் வந்து கழுத்தைக் கட்டிக்கொள்வாள், செவ்வாய்க்கிழமை இவள் ஆளில்லை, அவன் கதவைப் பார்த்துக்கொண்டு நிற்பானே. நிற்கிறவனுக்கு ஆறுதல் சொல்ல நான்தான் இருப்பேன், வாளியோடு. மேடத்தின் பெண்ணுக்கு லீவு விட்டு வந்துவிட்டால் ஏழு நாளும் அவர்களுக்கே ஆகிவிடும், அது நியாயம்தான், குதிரை அவர்களுடையது. பாப்பா பேர் வைக்கவில்லை, பேர் ஏற்கெனவே இருக்கிறது, அது ஒரு நல்லது. ஆனால் நேற்று அவள் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஏழு கட்டம் போட்டு மூன்று கட்டத்தில் மட்டும் ஆரஞ்சுக் கலர் தீட்டி வைத்திருந்தாள். அந்த மூன்று கட்டத்தையும் கோடு தாண்டாமல், ஓரம் வரைக்கும், அழுத்தி அழுத்தி. பார்த்துவிட்டு நான் புத்தகத்தை இருந்த மாதிரியே மூடி வைத்தேன். நான் அந்த ஐந்து வார்த்தையைச் சொன்னால் அந்த மூன்று கட்டம் என்ன ஆகும். போன ஆடியில் ஒரு கருப்புக் குதிரைக்கு மூச்சு வாங்குகிறது என்று டாக்டர் சொன்னார், மறுநாள் ஒரு வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போனது, அது எங்கே போனது என்று இன்றுவரை ஒருவரும் ஒருவரையும் கேட்கவில்லை. கேசரிக்கும் அப்படி வண்டி வந்தால், அம்மா சொல்லித்தான் வந்தது என்று பாப்பாவுக்குத் தெரிந்துவிட்டால். பேசாதம்மா என்றுதானே சொன்னேன் என்று அவள் சொல்லமாட்டாள். சொல்லாமல் தட்டைப் பார்ப்பாள். சொல்லிவிட்டால் தேவலை.

நிழல் செங்கல்லைத் தாண்டிவிட்டது. மாஸ்டர் வண்டி நிறுத்துகிற சத்தம் கேட்டது, உள்ளே போய்விட்டார். கேசரியின் கண் எனக்கு எப்படித் தெரியும் என்றால், வாளியால்தான் தெரியும். அவன் கொட்டடியில் வலது பக்கம்தான் தீனித்தொட்டி, இடது பக்கம் சுவர். நான் கொள்ளு வாளியோடு வலது பக்கமாகப் போவேன், அவன் ஆடாமல் அசையாமல் நிற்பான், என் தோளில் மூச்சு விடுவான், சேலைத் தலைப்பை ஈரமாக்குவான். முதல் நாள் பயந்தேன். கட்டுத்தரையில் மாடு கட்டிப் பழகினவளுக்கு இவ்வளவு உயரத்தில் ஒரு தலை வந்து மேலே சாய்ந்தால் பயமாக இராதா. கட்டுத்தரை என்று சொல்லாதம்மா, லாயம் என்று பாப்பா திருத்துவாள். அப்புறம் பழகிப்போய், நான் அவனிடம் பேச ஆரம்பித்தேன். ஊரில் யாரிடமும் பேசாததை, ரேஷன் கடையில் எடை குறைந்தால் கேட்காமல் வந்ததை, பள்ளிக்கூட மீட்டிங்கில் கடைசி வரிசையில் நின்று டீச்சர் என் பேரைக் கூப்பிட்டபோது நான் இல்லாத மாதிரி குனிந்துகொண்டதை, இவர் போனதிலிருந்து ராத்திரியில் தகரம் சடசடவென்றால் யானையா காற்றா என்று உட்கார்ந்தே இருப்பதை, எல்லாவற்றையும் அவனுடைய வலது காதுக்குச் சொல்வேன். அந்தக் காது என் பக்கம் திரும்பியே இருக்கும், உங்கிட்ட மட்டும் எப்படிம்மா நிக்கறான் என்று பாப்பாகூட ஒரு தடவை கேட்டாள். ஒரு நாள் வாளி நழுவி, எடுக்க இடது பக்கம் போனேன், அன்றைக்குப் பேச்சு வரவில்லை, சும்மா போனேன். ஒரு துள்ளு துள்ளினான், பலகையே அதிர்ந்தது. நான் யார் என்று தெரியாத மாதிரி துள்ளினான். அப்புறம் கழுத்தை முழுக்க வளைத்து வலது கண்ணைக் கொண்டுவந்து என்னைப் பார்த்தான், பார்த்ததும் அடங்கிவிட்டான். எனக்கு அப்போதே அந்தக் கண் மேல் சந்தேகம் தட்டியது. மறுநாள் ஒரு மஞ்சள் சாமந்தியைக் குச்சியில் குத்தி, காற்றுப் படாமல் மெதுவாக இடது கண்ணுக்கு நேரே கொண்டுபோனேன். இமை ஆடவில்லை. வலது கண்ணுக்குக் கொண்டுபோனேன், தின்னவே வந்துவிட்டான். ஐந்து நாள் பார்த்தேன், ஐந்து நாளும் அதேதான். வெயில் சாய்ந்து அடிக்கும்போது பார்த்தால் அந்தக் கண்ணுக்குள் ஆழத்தில் ஒரு நீலப் புகை நிற்கிறது. ஆனால் மாஸ்டருடைய சட்டம் வேறு. குதிரைக்கு இடது பக்கந்தான் வாசப்படி என்பார், பிடிக்கிறது இடது பக்கம், சேணம் போடுகிறது இடது பக்கம், ஏறுகிறதும் இறங்குகிறதும் இடது பக்கம், பட்டாளத்திலிருந்தே அப்படித்தான். உலகத்தில் எல்லோரும் அவன் வாசப்படி என்று போகிற பக்கத்தில் விளக்கே இல்லை. யாரோ இருட்டிலிருந்து வந்து தொடுகிறார்கள், அவன் துள்ளுகிறான், இவர்கள் திமிர் என்கிறார்கள். காலையில் பாப்பாவுக்குத் தலை பின்னும்போது, பொதுவாகச் சொல்கிற மாதிரி, கேசரிகிட்ட வலது பக்கமாப் போ கண்ணு என்றேன். பின்னலைப் பிடுங்கிக்கொண்டு திரும்பினாள். "அப்படியெல்லாம் ஏறக்கூடாதும்மா. இடது பக்கந்தான். உனக்கு என்ன தெரியும்?" எனக்கு என்ன தெரியும். ரிப்பன் கட்டிவிட்டேன்.

இவரிடம் சொல்லாமல் இல்லை. முந்தாநாள் போனில் கூப்பிட்டார், பின்னால் ஒரே லாரிச் சத்தம். கேசரிக்குக் கண்ணு என்று ஆரம்பித்தேன், அதற்குள் அவரே, "கண்ணு பட்டிருக்கும், நல்ல உருப்படி, வர்றவன் போறவன் எல்லாம் பாக்கறானல்ல, உப்பு மொளகா சுத்திப் போடு" என்றார். அதில்லைங்க என்றேன், ஹலோ ஹலோ என்றார், சார்ஜ் தீர்ந்துவிட்டது. நான் சுற்றியும் போட்டேன். சிரிப்பு வருகிறது, என்னை நினைத்தால் எனக்கே. உப்பையும் மிளகாயையும் கையில் வைத்துக்கொண்டு அவன் தலையைச் சுற்றும்போது வலது கண் கையோடேயே சுற்றி வந்தது, இடது கண் அதுபாட்டுக்கு நின்றது. ஒரு வார்த்தையாவது போய்ச் சேருகிற இடத்தில் ஒழுங்காகப் போய்ச் சேருகிறதா. வாரம் என்றால் வாரம் இல்லை, கண்ணு என்றால் கண்ணு இல்லை. நான் மேடத்திடம் சொல்லும்போதும் அது வேறு எதுவாகவோ போய் விழுந்தால். இடது கண் என்கிறேன், அவன் முகத்துக்கு எதிரே நிற்கிற அவர்களுக்கு எது இடது, குதிரையுடைய இடதா அவர்களுடைய இடதா, அதிலேயே மாஸ்டர் மீசையைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டால். டாக்டரம்மா வந்துட்டாங்க என்பார். இன்னொன்றும் இருக்கிறது, அதைத்தான் நான் நினைக்காமல் நினைத்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் நாலு ஆட்டில் செவலைக்கு வேலமுள் குத்தி ஒரு கண் போய்விட்டது. பங்கு பிரிக்க வந்த தோட்டத்துக்காரர் அதன் மூஞ்சியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, கண்ணு போனது எனக்கெதுக்கு, உம் புள்ளையே வெச்சுக்கட்டும் என்று போய்விட்டார். அப்படித்தான் என் ஆயுசில் ஒரே ஒரு உயிர் முழுசாக எனக்கு என்று ஆனது. பாதி இல்லை, வாரம் இல்லை. முழுசு. அதனால் கண்ணைப் பற்றிச் சொன்னால், மேடமும் ஒருவேளை, கலாமணி நீங்களே வெச்சுக்குங்க என்று. சே. ஆடா அது. ஒரு வேளை தீனிக்கு எங்கே போவோம். நான் சொல்வதே அந்த ஆசையில்தானோ, இல்லை, சொல்லாமல் இருப்பதுதான் ஆசையா, அந்த ஆரஞ்சு மூன்று கட்டத்துக்காக என் மகளைக் குருட்டுப் பக்கத்தில் ஏற்றிவிடுகிறேனா. எது கொள்ளு, எது கல். விரல் வைத்துப் பார்த்தால் இரண்டும் வழுக்குகிற மாதிரியே இருக்கிறது. நேற்று மாஸ்டர் போனில் மேடத்திடம் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது, நாளைக்கு ஒழுங்கா நின்னான்னா பாப்பாவுக்குக் குடுத்துடலாங்க, துள்ளினான்னா இனி வெச்சிருந்து பிரயோசனமில்ல, வண்டி வரச் சொல்லிடலாம் என்று. ஆக, நான் பேசினாலும் வண்டி வரலாம், பேசாவிட்டாலும் வண்டி வரலாம். பேசாவிட்டால் வண்டி வருவதற்குள் இவள் அவன் மேலிருந்து விழலாம். அவன் முதுகு என் தலைக்கு மேலே இருக்கிறது. அங்கேயிருந்து தரை எவ்வளவு தூரம், இவள் எலும்பு எவ்வளவு, பிறந்தபோது இரண்டு கிலோ நானூறு, கையில் வாங்கினபோது கொள்ளு மாதிரி வழுக்கிக்கொண்டு போனாளே. செவலையை நான் ஒரு தடவையும் முட்ட விட்டதில்லை, குழியில் விட்டதில்லை. எப்படி என்றால், அதற்குத் தெரியாத பக்கத்தில் நான் நடப்பேன். நடந்தால் போதாது, பேசிக்கொண்டே நடக்க வேண்டும். தா செவலை, இந்தா செவலை, கல்லு இருக்குது, முள்ளு இருக்குது, நாந்தான் வர்றேன் என்று வாய் ஓயாமல். பேச்சு நின்றால் அது மிரளும். பேச்சு இருந்தால் குருட்டுப் பக்கமும் பக்கம்தான். அந்த வயதில் நான் எவ்வளவு பேசியிருக்கிறேன். நாள் முழுக்கப் பேசியிருக்கிறேனே. அந்த வாய் எங்கே போயிற்று.

கார். நிழல் இன்னும் கம்பத்துக்கு வரவில்லை, ஒரு சாண் இருக்கிறது, அதற்குள் கார் வந்துவிட்டது. கதவு சாத்துகிற சத்தம், மேடத்தின் குரல், பாப்பா வணக்கம் சொல்கிறாள், தலைக்குத் தொப்பி போட்டிருக்கிறாள், அவளுக்குப் பெரிய தொப்பி, யாரோ படித்துவிட்டுப் போன பிள்ளையுடையது. இங்கேயிருந்து வேலிச் சந்து வழியாகப் பாதி மைதானம் தெரிகிறது. மாஸ்டர் கேசரியைக் கூட்டி வருகிறார், இடது பக்கம் நின்றுதான் பிடித்திருக்கிறார், அவன் காது முன்னாலும் பின்னாலும் அலைகிறது, என்னைத் தேடுகிற மாதிரி. வெயிலில் நிறம் சொட்டுகிறது, நெய் விட்டுக் கிண்டின கேசரியேதான். மேடம் ஏதோ கேட்கிறார்கள், மாஸ்டர் குதிரையின் கழுத்தைத் தட்டுகிறார், பேசாமல் தட்டுகிறார், தோல் முழுக்கச் சுருங்கி விரிகிறது, ஒரு துள்ளு. சின்னத் துள்ளுதான். ஹோ என்று அதட்டுகிறார். மேடம் ஓர் அடி பின்னால் போகிறார்கள். இன்னும் இரண்டு கை கொள்ளு இருக்கிறது முறத்தில், இதை முடித்துவிட்டு எழுந்திருக்கலாம், முடிக்காமல் எழுந்தால் கல் கலந்துவிடும், ஒரு கல்லுக்கு ஒரு பல். மேடம், கேசரிக்கு இடது. இல்லை, முதலில் வணக்கம் சொல்ல வேண்டும். வணக்கம் மேடம், ஒரு விஷயங்க, சிரிக்காமக் கேளுங்க. சிரிக்காமல் கேளுங்கள் என்று எப்படிச் சொல்வது, அது அவர்களைக் குறை சொன்ன மாதிரி. சிரித்தால்தான் என்ன. சிரிக்கட்டும். அன்றைக்குச் சிரித்ததில் யாருக்கும் எலும்பு முறியவில்லை, எனக்குக் காது சுட்டது, அவ்வளவுதானே, சுட்ட காது இதோ ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. மறுபடியும் துள்ளுகிறான். மாஸ்டர் கயிற்றை ஒட்டிப் பிடித்துக்கொண்டு பாப்பாவைப் பார்த்துத் தலையாட்டுகிறார், வா என்கிறார். அவள் வருகிறாள். சத்தமில்லாமல் வருகிறாள், மிரளக் கூடாது என்று பூனை மாதிரி அடி வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, யார் பிள்ளை, என் பிள்ளை, எங்கே போனாலும் சத்தமில்லாமல் போ என்று நான்தானே பழக்கி வைத்திருக்கிறேன், வாயைத் திறக்காதே, குனிந்து போ, இருக்கிற இடம் தெரியக் கூடாது என்று, அந்தப் பாடத்தைத்தான் இப்போது அவள் அந்த விளக்கில்லாத பக்கம் வழியாக எடுத்துக்கொண்டு போகிறாள், நான் இங்கே உட்கார்ந்து கல்லைப் பொறுக்கிக்கொண்டிருக்கிறேன், அவன் காது பின்னால் மடங்கிவிட்டது, நான் எழுந்தால் முறம் சாய்ந்துவிடும், சாய்ந்தால் சாயட்டும், ஐந்து வார்த்தைகூட வேண்டாம், ஒன்று போதும், முதல் வார்த்தை மட்டும் வெளியே வந்துவிட்டால் மீதி அதுவாக

"அம்மா, இங்க வாயேன். நிக்கவே மாட்டேங்கறான், நீ வந்தாத்தான் நிப்பான்."

"வர்றேன் கண்ணு, அங்கயே நில்லு, கிட்டப் போகாத, மாஸ்டர், அவன அதட்டாதீங்க, பாப்பா, பேசாம வராத சாமி, பேசிக்கிட்டே வா, என்னத்தையாவது சத்தமாப் பேசு, நீதான்னு அவனுக்குத் தெரியட்டும், சிரிக்கறவங்க சிரிங்க மேடம், அவனுக்கு அந்தப் பக்கத்துக் கண்ணு தெரியலைங்க."